வியாழக்கிழமை ஐந்து நிமிடம்

என் வீட்டில் எனக்கும் ஒரு அதிகாரம் இருந்தது. நம்புங்கள். வாரத்துக்கு ஒரு நாள், வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஐந்து மணி ஐந்து நிமிடம் வரை. மற்ற நேரமெல்லாம் நான் ஈனிட் டீச்சரின் வீட்டுக்காரர். அந்த ஐந்து நிமிடம் மட்டும் ஈனிட் டீச்சர், ஆர்தரின் மனைவி.

வியாழக்கிழமையில் என்ன விசேஷம் என்று பூனாக்காரர்கள் கேட்க மாட்டார்கள். அன்றைக்குத்தான் மின்சாரக்காரர்கள் கம்பத்தில் ஏறுவார்கள். காலையில் போகிற கரண்ட் மூன்று மூன்றரைக்கு வரும். போன உடனே, கேம்ப் பகுதியில் எங்கள் கட்டிடத்தின் எல்லா மாடியிலிருந்தும் "லைட் கேலி", அதாவது லைட் போச்சு, என்று மராத்தியில் குரல் கிளம்பும், அதுவரை யாருக்குமே தெரியாத மாதிரி. எங்கள் இன்வர்ட்டர் ஒரு ஃபேனையும் ஒரு ட்யூப் லைட்டையும் தாங்கும். கம்ப்யூட்டரைத் தாங்காது.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். தாபோடியில் ஒரு தொழிற்சாலையில் நான் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் கிரேக் என்று ஒரு நண்பன். பழைய மெஷினைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்லி அவன்தான் இதைப் போட்டுக் கொடுத்தான். எல்லாம் நன்றாகவே ஓடியது. ஒரே ஒரு குறை. மேஜை மேல் ஒயர் போட்டுச் சொருகிய ஒரு பெட்டி டிஸ்க் இருக்கிறது. மெஷின் அணைந்து எழுந்தால் அந்த டிஸ்க் யாரென்றே மெஷினுக்குத் தெரியாது. நான் போய்த் திரையில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து, ஒரு வரி தட்டி, இவன் நம்ம ஆள்தான், உள்ளே விடு என்று சொல்ல வேண்டும். அதற்கு மவுன்ட் பண்ணுவது என்று பெயர். அந்த ஒரு வரி வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

டிஸ்கில் இருந்ததோ ஈனிட்டின் உயிர். எங்கள் தமிழ்ச் சபைக் கொயரை நடத்துகிறவள் அவள். பாடுகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் ஒவ்வொரு கீர்த்தனையையும் ஒரு தடவை தமிழிலும் இன்னொரு தடவை ஆங்கில எழுத்திலும் அடித்து, மேலே ராகக் குறிப்பு, ஓரத்தில் எங்கே மூச்சு விட வேண்டும் என்று சிவப்புப் புள்ளி, இப்படி நானூற்றுப் பன்னிரண்டு பாட்டு. ஸ்கூல் விட்டு வந்து, பேப்பர் திருத்தி, சமைத்து, அதற்குப் பிறகு உட்கார்ந்து அடித்தது. ஒன்பது வருஷ வேலை. வியாழன் ஆறு மணிக்குப் ப்ராக்டிஸ். அதற்குள் பாட்டுத்தாள் பிரின்ட் எடுத்தாக வேண்டும்.

ஆக, வியாழக்கிழமை ஐந்து மணிக்கு என் வீட்டில் இந்தக் காட்சி நடக்கும்.

"ஏங்க, டிஸ்க்கு வரலை."

"எந்த டிஸ்க்கு?"

"இந்த வீட்டுல எத்தனை டிஸ்க்கு இருக்கு?"

"வாரேன், வாரேன். கை கழுவிட்டு வாரேன்."

"எழுத்து தட்டுறதுக்குக் கை எதுக்குக் கழுவணும்? நேரமாச்சு."

"இது சிஸ்டம் வேலை ஈனிட். அவசரப்பட்டா கெட்டுப் போயிரும். கொஞ்சம் தெம்பும் வேணும்."

தெம்பு என்றால் வெங்காய பஜ்ஜி. இந்த ஊரில் காந்தா பஜி. அவள் ஒரு தட்டு சுடச்சுடக் கொண்டு வந்து வைப்பாள். நான் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டே, வலது கையால் ஒரு எழுத்து, ஒரு யோசனை, ஒரு எழுத்து, ஒரு பெருமூச்சு என்று தட்டுவேன். பாஸ்வேர்ட் வரும்போது, "அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்பேன். ஸ்கூலில் அறுபது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கிறவள், என் வீட்டில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பாள். நல்லா இருந்தது. பொய் சொல்லக் கூடாது, ரொம்ப நல்லா இருந்தது.

அந்த ஐந்து நிமிடத்தில் நான் தாராளமாகவும் நடந்துகொள்வேன். அதிகாரத்தில் இருப்பவன் கேட்டவருக்குக் கொடுக்க வேண்டாமா? அவள் அம்மா மூன்று மாதம் வந்து தங்கட்டுமா என்று கேட்டாள். தங்கட்டும் என்றேன். கொயரில் பாஸ் குரலுக்கு ஆள் இல்லை, நீங்கள் வந்து நில்லுங்களேன் என்றாள். நின்றேன். என் சாய்வு நாற்காலியைப் பால்கனிக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கீபோர்டு வைக்கலாமா என்றாள். வைத்துக்கொள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கேரம் கிளப்பைக்கூட அப்படித்தான் பெரிய மனசு பண்ணி விட்டுக் கொடுத்தேன். கொடுக்கிற இடத்தில் இருக்கிறவனுக்குத்தான் அந்தச் சந்தோஷம் தெரியும்.

இந்தச் சாம்ராஜ்யத்துக்கு வேட்டு வைத்தவர் மேல் மாடி ஹர்ஷா. மகர்பட்டாவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. நல்ல மனிதர். நல்ல மனிதர்களால்தான் குடும்பங்களில் இவ்வளவு தொந்தரவு. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் நடந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை ஈனிட் காய் வாங்கிக்கொண்டு படியேறும்போது அவரிடம் டிஸ்க் கதையைச் சொல்லியிருக்கிறாள்.

"ஹர்ஷா என்ன சொன்னாரு தெரியுமா?" என்றாள், வெண்டைக்காயைத் தட்டில் கொட்டியபடி.

"என்ன?"

"ஆன்ட்டி, ஏக் லைன் கா காம் ஹை, ஒரே ஒரு வரி வேலைதான், அப்படின்னாரு. ஏதோ எஃப்எஸ்டேப்னு ஒரு ஃபைல் இருக்காம். அதுல ஒரு வரி எழுதிப் போட்டா, எத்தனை தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் டிஸ்க்கு தானா வந்துருமாம்."

அந்த விஷயம் எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும்.

"அந்த டேப்பையெல்லாம் தொடக் கூடாது ஈனிட். ஆபத்து."

"குளியலறை டேப்பு மூணு மாசமா ஒழுகுது. அதையும் ஆபத்துன்னுதான் சொல்லுதீய."

"இது வேற. இதுல ஒரு எழுத்து தப்பாப் போனா மெஷினே எழும்பாது."

"அப்போ தப்பில்லாம எழுதுங்க. ஒங்களால முடியலைன்னா ஹர்ஷாவைக் கூப்பிடுதேன். நாளைக்கு லீவுன்னுதான் சொன்னாரு."

"முடியலைன்னு யாரு சொன்னா? நானே எழுதுதேன். திங்கக்கிழமை ராத்திரிக்குள்ள முடிச்சிருதேன்."

"இன்னொண்ணு. எல்லாப் பாட்டையும் வேற எங்கனயாவது ஒரு காப்பி எடுத்து வைக்கச் சொன்னேனே, எடுத்தீயளா?"

"அதை நான் பாத்துக்கிடுதேன்."

இதை நான் மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை மத்தியானம் கேன்டீனில் கிரேக்கைப் பிடித்தேன். தமிழை இந்தியில் குழைத்துப் பேசுகிறவன். அந்த ஃபைலில் எப்படி எழுதுவது என்று கேட்டேன்.

"டென்ஷன் மத் லோ, கவலையே படாதீங்க ஆர்தர் பாய். ஒரு டிஸ்க்குக்கு ரெண்டு பேர் உண்டு. ஒண்ணு வரிசைப் பேர். மெஷின் எழும்போது முதல்ல கண்ணுல பட்டவன் ஏ, அடுத்தவன் பி. இன்னொண்ணு அதோட சொந்த நம்பர். ஆதார் மாதிரி நீளமா இருக்கும், மாறவே மாறாது. நீங்க சொந்த நம்பரைத்தான் எழுதணும். வரிசைப் பேரை எழுதினா மாட்டிக்குவீங்க."

"ஏன்?"

"பக்கத்துல ஒரு பென் டிரைவ் சொருகி இருந்துச்சுன்னா அது முந்திக்கும். அப்ப பி-ங்கிற இடத்துல பென் டிரைவ் நிக்கும், உங்க டிஸ்க்கு சி-க்குப் போயிடும். மெஷின் பி-யைப் போய்த் தட்டும், வேற ஆளு இருப்பான். டிஸ்க்கு வராது. அதுக்கு மேல என்ன ஆகும்னா..."

நான் எழுந்துவிட்டேன். "பஸ், பஸ், போதும். புரிஞ்சு போச்சு."

"அரே, முழுசா கேட்டுட்டுப் போங்க."

எதற்கு? எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. டிஸ்க் வராது. அது போதும். வரிசைப் பெயரைத்தான் எழுத வேண்டும். ஈனிட் கேட்ட மாதிரி எழுதியும் ஆகிவிடும். வேண்டுமென்கிற வியாழக்கிழமை ஒரு பென் டிரைவைப் பின்னால் சொருகிவிட்டால், டிஸ்க் வராமல் போகும். "ஏங்க" என்று அவள் கூப்பிடுவாள். நான் கை கழுவிவிட்டுப் போவேன். பென் டிரைவை உருவுவேன், ஒரு வரி தட்டுவேன். "என்னதான் ஃபைல்ல எழுதினாலும் ஆள் வேணும் ஈனிட்" என்பேன். இப்படி ஒரு மூளையை ஸ்டோர்ஸில் நட்டு போல்ட் எண்ண வைத்திருக்கிறார்களே என்று எனக்கே வருத்தமாக இருந்தது.

அன்று சாயங்காலமே எழுதினேன். மெஷினை அணைத்துப் போட்டேன். டிஸ்க் தானாக வந்தது. ஈனிட் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதானான்னு கேக்காதே. பின்னால எவ்வளவு வேலை இருக்கு தெரியுமா?"

அந்த வாரம் வியாழக்கிழமை ஆபீஸிலிருந்து வந்தேன். கரண்ட் போய் வந்திருந்தது. டிஸ்க் தானாக வந்திருந்தது. ஈனிட் பாட்டுத்தாள்களை அடுக்கிக்கொண்டே, "டீ ஃப்ளாஸ்க்குல இருக்கு, ரெண்டு மேரி பிஸ்கட் எடுத்துக்கோங்க" என்றாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேரி பிஸ்கட்டை டீயில் நனைத்தேன். அது பாதியில் ஒடிந்து உள்ளே விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வியாழன், குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வியாழன். காலை ஏழரைக்கு ஈனிட் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது, கம்ப்யூட்டர் மேஜைக்குப் பின்னால் கையை விட்டு, ஆபீஸ் பென் டிரைவ் ஒன்றைச் சொருகினேன். விரல் நகம் அளவு. யாருக்கும் தெரியாது. அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மூன்று மணிக்கே நாக்கில் பஜ்ஜி வாசம்.

ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தேன். வாசம் இல்லை. ஈனிட் கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரை கறுப்பு. வால்பேப்பர் இல்லை, ஐகான் இல்லை, ஒன்றும் இல்லை. கறுப்புக்குள் வெள்ளை எழுத்தில் ஏதோ எமர்ஜென்சி என்று எழுதியிருந்தது. கீழே ஒரு கோடு மின்னி மின்னி அணைந்தது.

"என்னங்க இது?" என்றாள்.

டிஸ்க் மட்டும் வராமல் போகும் என்றுதானே நினைத்தேன். மெஷினே போய்விட்டதா? நானூற்றுப் பன்னிரண்டு பாட்டு. காப்பியை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"ஒண்ணும் இல்லை. சின்ன விஷயம்," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. "நீ போயி எனக்கு ஒரு டம்ளர் தண்ணி கொண்டா."

பென் டிரைவை உருவ வேண்டும். அவள் இல்லாமல் உருவ வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

"ஒங்க கைகிட்டயே பாட்டில் இருக்கு."

இருந்தது. குடித்தேன்.

"வாசல்ல யாரோ மணி அடிச்ச மாதிரி இருந்துச்சு."

"இல்லை."

"கடலை மாவு இருக்கா? இல்லைன்னா கீழ கிரானா கடையில போயி..."

"முழு பாக்கெட் இருக்கு. இப்போ கடலை மாவா முக்கியம்?"

"ஹர்ஷா வந்திருப்பாரு, ஒரு வார்த்தை கேட்டுட்டு வாயேன்."

"நீங்க எழுதினதுதானே. அவர் வந்து என்ன பண்ணுவாரு?"

அவள் நகரவில்லை. ஒரு அங்குலம் நகரவில்லை. நான் மேஜைக்குக் கீழே குனிந்தேன்.

"அங்கன என்னத்த தேடுதீய?"

"தூசி. தூசியினாலகூட இப்படி ஆகும்."

"காலையிலதான் துடைச்சேன். வெளிய வாங்க, தலையில இடிச்சுக்கிடுவீய."

இடித்துக்கொண்டேன். வெளியே வந்தேன். கீபோர்டில் என் பழைய வரியைத் தட்டினேன். அது பாஸ்வேர்ட் கேட்டது. பாஸ்வேர்ட் தட்டினேன். தப்பு என்றது. அவசரத்தில் என்ன தட்டினேனோ. மணி ஐந்து இருபது.

ஈனிட்டின் போன் அடித்தது. கொயரில் டெனர் பாடுகிற ஸ்டீபன்.

"சொல்லுங்க ஸ்டீபன்... இல்லை, இன்னும் வரலை... கொஞ்ச நேரத்துல வந்துரும்னுதான் நினைக்கேன்... சரி."

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒம்பது வருஷம், ஆர்தர்," என்றாள் மெதுவாக.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இரண்டே தடவை. ஒன்று பிரசவ வார்டில். இன்னொன்று அவள் அப்பா இறந்த செய்தி வந்த அன்று. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பஜ்ஜியும் வேண்டாம், அதிகாரமும் வேண்டாம், அந்தச் சிவப்புப் புள்ளிகள் திரும்பி வந்தால் போதும் என்று தோன்றியது. நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த ஃபைலில் ஒரு வரி எழுதினால் போதும் என்று இரண்டு வருஷமாகத் தெரியும் என்பது முதல், வரிசைப் பெயர், ஆதார் நம்பர், கிரேக், கேன்டீன், மேரி பிஸ்கட் வரை. காப்பி எடுக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

"பின்னால ஒரு பென் டிரைவ் இருக்கு ஈனிட். நான்தான் சொருகினேன். அதனாலதான் எல்லாம் போச்சு. நான் ஒரு..."

அவள் கையை விரித்தாள். உள்ளங்கையில் என் பென் டிரைவ்.

"இதா?" என்றாள்.

நான் மேஜைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அங்கே ஒன்றும் சொருகியிருக்கவில்லை.

"காலையில தூசி துடைச்சேன்னு சொன்னேனே. அப்பவே பாத்தேன். ஒங்க ஆபீஸ் சாமான் ஏதோன்னு விட்டுட்டேன். நாலு மணிக்கு வந்து மெஷினைப் போட்டா, இந்தக் கறுப்பு. ஹர்ஷாவைக் கூப்பிட்டேன். இன்னைக்கு வீட்டுல இருந்துதான் வேலையாம், வந்து பாத்தாரு. அந்த ஃபைல்ல ஒரு டிஸ்க்கைச் சொல்லி வச்சு, அந்த இடத்துல அது இல்லைன்னா, மெஷின் மேல போகாம அப்படியே நின்னுருமாம். கெட்டுப் போறது இல்லையாம், நிக்கும், அவ்வளவுதான். இதைப் பிடுங்கிட்டு மறுபடி போட்டோம். வந்துச்சு. ஞாயித்துக்கிழமைக்கு உள்ள பாட்டெல்லாம் நாலரைக்கே பிரின்ட் எடுத்து ஸ்டீபன்கிட்ட குடுத்துட்டேன்."

கிரேக் கேன்டீனில் சொல்ல வந்த மீதிப் பாதி அதுதான்.

"அப்போ இந்தக் கறுப்பு?"

"திரும்பவும் சொருகி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, கறுப்பு வந்ததும் எடுத்துக்கிட்டேன். ஒங்களுக்காகத்தான் வச்சிருந்தேன்."

"ஸ்டீபன்கிட்ட இன்னும் வரலைன்னு சொன்னியே?"

"ஒங்க வாயில இருந்து உண்மை வரலைன்னு சொன்னேன். அவருக்கும் தெரியும்."

"ஈனிட், என்னைப் பேர் சொல்லி..."

"அது நடிப்பு இல்லை." அவள் பென் டிரைவை மேஜை மேல் வைத்தாள். "நாலு மணிக்குத் தனியா உக்காந்து இந்தத் திரையைப் பாத்தேன். ஒம்பது வருஷமும் போச்சுன்னு நினைச்சேன். நீங்களும் ஒரு அஞ்சு நிமிஷம் அப்படி இருக்கட்டும்னு நினைச்சேன். இருபது நிமிஷம் ஆக்கிட்டீய."

அவள் குனிந்து பட்டனை அழுத்தினாள். திரை அணைந்தது. மறுபடி எழுந்தது. ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு வால்பேப்பர் வந்தது, எங்கள் மகள் டானியா சின்னப் பிள்ளையாக இருந்தபோது எடுத்த படம். பிறகு டிஸ்க் வந்தது. ஈனிட் திறந்து காட்டினாள். வரிசையாக நானூற்றுப் பன்னிரண்டு. ஒன்றைத் திறந்தேன். ஓரத்தில் சிவப்புப் புள்ளி. அதைப் பார்த்ததும் நானும் மூச்சு விட்டேன். அப்பாடா. எனக்கு இப்படி ஒரு நிம்மதி எந்த வியாழக்கிழமையும் வந்ததில்லை.

"காப்பியை இன்னைக்கே எடுத்திருதேன் ஈனிட். சத்தியமா."

"வேண்டாம். மூணு வருஷம் முன்னால நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னீயளே, அன்னைக்கு மறுநாளே டானியாகிட்ட ஒரு காப்பி குடுத்துட்டேன். மாசா மாசம் மகர்பட்டாவுல அவ வீட்டுக்குப் போறப்போ புதுசையும் போட்டுட்டு வாரேன்."

"அப்போ ஒம்பது வருஷமும் போச்சுன்னு நினைச்சேன்னு சொன்னே?"

"பயம் வந்தா காப்பி ஞாபகம் வருமா? காப்பி இருக்கான்னு ஹர்ஷா கேட்ட பொறவுதான் ஞாபகம் வந்துச்சு."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வரியை ஹர்ஷா சொல்லிக்கொடுக்க, அவளே ஒரு தாளில் குறித்து வைத்திருந்தாள். டிஸ்கின் சொந்த நம்பர், நீளமாக. கடைசியில் இன்னொரு வார்த்தை. டிஸ்க் இல்லாவிட்டாலும் மெஷின் நிற்காமல் எழ வேண்டும் என்று அதற்கு அர்த்தமாம். என் கண் முன்னால் என் வரியை அழித்து, அவள் வரியை அடித்தாள். பாஸ்வேர்ட் கேட்டது. நான் சொல்வதற்கு முன்னால் தட்டிவிட்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு வியாழக்கிழமையும் சுவரைப் பாத்து நின்னேன்ல? அந்தச் சுவர்ல என்ன மாட்டியிருக்கு?"

கண்ணாடி மாட்டியிருந்தது. இருபது வருஷமாக.

மெஷினை ஒரு தடவை அணைத்துப் போட்டாள். டிஸ்க் தானாக வந்தது. இன்னொரு தடவை. வந்தது. பென் டிரைவைச் சொருகி ஒரு தடவை. அப்போதும் வந்தது. இனி கம்பத்தில் யார் ஏறினாலும் இறங்கினாலும் எங்கள் டிஸ்குக்குக் கவலை இல்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதோடு வயிற்றில் ஒரு காலி இடம்.

"அப்போ இனிமே நான் எதுக்கு?" என்றேன். கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை. வாய் கேட்டுவிட்டது.

ஈனிட் வரி எழுதிய தாளை மடித்து வைத்தாள். எழுந்து சமையலறைக்குப் போனாள். எண்ணெய் சத்தம் கேட்டது. மாவு ஏற்கெனவே கரைத்து வைத்திருந்திருக்கிறாள். தட்டோடு வந்தாள். அவளுக்கு இப்படி ஒரு மனசு.

"ப்ராக்டிஸுக்கு நேரமாகலையா?"

"ஏழு மணின்னு அப்பவே மாத்திட்டேன். சாப்பிடுங்க." பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒண்ணு செய்வோம். டிஸ்க்கை ஏத்துறதுக்கு ஒரு வரி இருக்கிற மாதிரி, எறக்குறதுக்கும் ஒரு வரி இருக்காம். ஹர்ஷா சொல்லிக் குடுத்தாரு. வியாழக்கிழமை தாளெல்லாம் பிரின்ட் எடுத்துட்டு, நான் அதை எறக்கி வச்சிருதேன். நீங்க அஞ்சு மணிக்கு வந்து ஏத்துங்க. எப்பவும் போல."

"எப்பவும் போலவா?"

"கை கழுவிட்டு வாங்க. நான் சுவரைப் பாத்துக்கிடுதேன்."

ஒரு பஜ்ஜியை வாயில் போட்டேன். இவ்வளவு செய்தவனுக்கு இப்படி ஒரு மரியாதை. இருபத்தாறு வருஷம் இவளை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று மனசு உருகிவிட்டது. அடுத்த பஜ்ஜியை எடுத்தேன். அது இன்னும் மொறுமொறு.

"ஈஸ்டர் முடிஞ்சு மே மாசம் அண்ணன் வீட்டுல எல்லாரும் இங்க வரலாமான்னு கேக்காங்க. ஒரு மாசம்தான்."

"சரி," என்றேன்.

மென்றேன். மெல்ல மெல்ல ஒரு சந்தேகம் வந்தது. அவள் அண்ணனுக்கு ஐந்து பிள்ளைகள். மென்றதை விழுங்கினேன்.

"ஏ ஈனிட். ஒங்க அம்மா மூணு மாசம் வந்து இருந்தாங்களே, அதுக்கு நான் என்னைக்குச் சரின்னு சொன்னேன்?"

"ஒரு வியாழக்கிழமை."

"கொயர்ல பாஸ் பாட?"

"வியாழக்கிழமை."

"சாய்வு நாற்காலி? கேரம் கிளப்பு?"

"எல்லாம் வியாழக்கிழமைதான்." அவள் தட்டில் இன்னும் இரண்டு பஜ்ஜி எடுத்து வைத்தாள். "ஆனா அப்பெல்லாம் நாலாவது பஜ்ஜி வரைக்கும் ஆகும். இன்னைக்கு ரெண்டாவதுலயே சொல்லிட்டீய."